தலையாட்டியவனின் பல்

வெளிமாநிலத்தில் கிடைத்த தமிழ் டாக்டர் என்ற ஒரே காரணத்துக்காகக் காஞ்சன்பாக்கிலிருந்து மெட்டுகுடா வரை போய்ப் பல் பிடுங்கிக்கொண்டவன் நான். ஊசி போட்டதில் வாய் மரத்துவிட்டது. எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டே, "இதுதானே சார்?" என்று டாக்டர் கேட்டார். தலையாட்டினேன். ஆபீசிலும் எனக்கு அதுதான் வேலை.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால், சொத்தைப்பல் அப்படியே இருக்கிறது. பக்கத்திலிருந்த நல்ல பல்லைக் காணோம்!

மனைவியோடு திரும்பப் போனேன்.

"நீங்கதான சார் தலையாட்டினீங்க? நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்குப் பிரச்சினை? அதையும் ஃப்ரீயா எடுத்துடறேன்" என்றார் டாக்டர்.

"ஃப்ரீன்னதும் ஆட்டிடாதீங்க" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

என் கழுத்து வழக்கம்போலத் தயாராகிவிட்டிருந்தது. பிடித்து நிறுத்தினேன்.

"டாக்டர், தலையாட்டறது என் வேலை. எந்தப் பல்லுன்னு பாக்கறது உங்க வேலை. எக்ஸ்ரே உங்க கையிலதான இருந்தது? தப்பான பல்லை எடுத்துட்டேன்னு எழுதிக் குடுங்க."

மறுத்தார். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டேன், இன்னும் நடக்கிறது. போன வாரம் அவருடைய வக்கீல் வந்து, "கைக்கு சாப், எதுக்கு இந்த வம்பு?" என்று உள்ளூர் உருது கலந்து சமாதானம் பேசினார்.

"நக்கோ, வேணாம்" என்று தலையை இடமும் வலமுமாக ஆட்டினேன். பழக்கமில்லாததால் கழுத்து கொஞ்சம் வலித்தது. ஆனாலும் சுகமாக இருந்தது.