ஆண்டவரிடம் கோள் சொன்ன வீடு

மாலை ஏழு மணி என்றால் எனக்கு இன்றைக்கும் பெலாச்சான் நெடிதான். டத்தோ கிராமாட்டில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி அந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் புளித்த இறால் விழுதை வறுப்பார். அது சன்னல் வழியே ஏறி வர, அப்பா, அம்மா, அக்கா, நான் என நால்வரும் பிளாஸ்டிக் பாயில் முழங்கால் போட்டு, கண்ணை மூடி, தும்மலை அடக்கிக்கொண்டு குடும்ப ஜெபம் செய்வோம்.

ஜெபம் என்று சொல்கிறேனே தவிர, பாதி நாள் அது பஞ்சாயத்துதான். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் நேராகக் குறை சொல்வதில்லை. எல்லாம் ஆண்டவர் வழியாகத்தான் போகும். "ஆண்டவரே, ஃபோன்லயே குடியிருக்கிற பிள்ளைகளுக்குப் புத்தியக் கொடும்" என்று அப்பா ஆரம்பித்தால் அது அக்காவுக்கு. "கர்த்தாவே, வீட்டுல நாலு வார்த்த பேச நேரமில்லாதவங்களயும் நெனச்சருளும்" என்று அம்மா முடித்தால் அது அப்பாவுக்கு. ஜெபத்தில் யாராவது குறுக்கே பேச முடியுமா என்ன? இதற்கு அம்மா வைத்த பெயர் "குத்து ஜெபம்". பெயர் வைத்தவரும் குத்துவதை நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம்.

அக்கா எஸ்தர் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் முடித்திருந்தாள். மகள் டாக்டராகப் போகிறாள் என்று அப்பா சபை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ரிசல்ட் வந்த அன்று "பாஸ்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். உயிரியலும் வேதியியலும் போய்விட்டன என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். "யார்கிட்டயும் சொல்லிடாதலா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

ஒன்பது வயதில் அப்படியொரு ரகசியத்தை வைத்துக்கொண்டிருப்பது லேசா? மனிதர்களிடம்தானே சொல்லக்கூடாது, ஆண்டவரிடம் சொல்லலாமே என்று தோன்றிவிட்டது. என் முறை வந்ததும் உருக்கமாக வேண்டினேன்: "ஆண்டவரே, அக்கா ஃபெயிலானது அப்பாவுக்குத் தெரியாமப் பாத்துக்கோங்க."

ஐயோ! சொல்லி முடித்த பிறகுதான் அப்பாவும் பக்கத்தில் இருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. அடுத்தது அவர் முறை. "கர்த்தாவே, பொய் பேசுற நாவுகள..." என்று குரலை உயர்த்தினார்.

"நிறுத்துங்க," என்றார் அம்மா. "எதுக்கு அவரப் போய்க் கூப்பிடுறீங்க? பிள்ள எதிர்லதான இருக்கா. கண்ணத் தெறந்து அவகிட்ட பேசுங்க."

அப்பா கண்ணைத் திறந்து, எங்கே தொடங்குவதென்று தெரியாமல் பாயின் ஓரத்தைப் பிய்த்தார். எதை யாரிடம் எப்படிப் பேசுவது என்று பகுத்தறிய வேண்டும் என சபையில் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்யக்கூடிய மனிதர்! கடைசியில், "என்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றார்.

"நீங்க எங்கப்பா என்கிட்ட பேசுனீங்க? ஆண்டவர்கிட்டதான பேசுறீங்க," என்றாள் அக்கா.

அவ்வளவுதான், அடி விழப்போகிறது என்று நான் நினைத்தேன். அப்பா எழுந்து சமையலறைக்குப் போனார். ஒரு கோப்பை தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். "குடி. ரெண்டு வாரமா நீ சாப்பிடல. அதக்கூட நா கேக்கல."

அக்கா தேம்பித் தேம்பி அழுதுவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கத்தான் ஆசை என்றாள். "எனக்கு வருத்தமாத்தான் இருக்கு, மறைக்க மாட்டேன்," என்றார் அப்பா. அந்த வருத்தம் லேசில் போகவில்லை. சபையில் யாராவது விசாரித்தால் ஒரு வருஷம் வரைக்கும் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். ஆனால் அன்றைக்குப் பிறகு, பேச வேண்டியதைப் பேசிவிட்டுத்தான் எங்கள் வீட்டில் முழங்கால் போட்டோம்.

அக்கா இப்போது பாகான் டாலாமில் சொந்தமாக ஒரு பாலர் பள்ளி நடத்துகிறாள். அந்த டத்தோ கிராமாட் வீடு இல்லை, அப்பாவும் இல்லை. நால்வரும் ஒரே பாயில் உட்காருகிற வழக்கமும் போய்விட்டது. என் வீட்டில் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கைப்பேசி. மகன் கல்லூரியை விட்டு நின்று மூன்று வாரமாகிறது. அவனிடம் முகம் கொடுத்துப் பேசாமல், தினமும் அவனைப் பற்றி ஆண்டவரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தின் நடுவிலேயே எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்படியே எழுந்து போய் அவன் கதவைத் தட்டினேன்.

"என்னம்மா, திட்டப் போறீங்களா?"

"இல்லலா. கேக்க வந்தேன்."

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டிலில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.