மூன்று மாதம் முடியட்டும்

கீழவாஞ்சூர் பக்கம் மீனவத் தெருவில் வாழ்க்கைப்பட்ட வினிதாவுக்கு இருபத்தாறு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. சாகவில்லை. தினம் ஒரு மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு நாலு வருடம் மீன் விற்றாள், சோறாக்கினாள், மலடி என்ற பேச்சையும் கேட்டாள். பேசிய நாக்கெல்லாம் அழுகட்டும்.

டாக்டர் முத்தமிழ் முதல் நாளே சொல்லியிருந்தார்: "புள்ள வேணும்னா முன்னாடியே எங்கிட்ட வாம்மா. ரத்தம் நல்லா இருந்தா மாத்திரைய நிறுத்திப் பாக்கலாம். மாத்திரையோட மட்டும் உண்டாயிடாத."

காரணமும் சொன்னார். உடம்பில் கைனேஸ் என்று ஒருவகைப் புரதம் உண்டு. கருவில் ஒவ்வொரு செல்லுக்கும் நீ எலும்பாகு, நீ நரம்பாகு என்று வருகிற உத்தரவை உள்ளே கொண்டு சேர்ப்பது அதுதான். வினிதாவின் ரத்தத்தில் அப்படியொரு கைனேஸ் வெறிபிடித்து நின்றது. மாத்திரை அதன் வாயைக் கட்டியது. வயிற்றில் கரு இருந்தால் அதற்கு வேண்டியவற்றின் வாயையும் சேர்த்துக் கட்டிவிடும்.

நினைக்காத நேரத்தில் நாள் தள்ளிப்போனது. மாமியார் பவுனம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுடி. மூணு மாசம் முடியாம ஒருத்தருட்டயும் மூச்சு விடாத, டாக்டருட்டயும்தான்" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள் அந்த மகராசி.

மாத்திரையை நிறுத்த வினிதாவுக்குப் பயம். தான் செத்தால் பிள்ளையும் போய்விடுமே என்று விழுங்கிக்கொண்டே இருந்தாள். ஏழாம் வாரம் மாத்திரை வாங்கப் போனபோது டாக்டர் கேட்டார், "நாள் ஒழுங்கா வருதா?"

"வருதுங்க டாக்டர். போன வாரம்தான் தலைக்கு ஊத்திக்கிட்டேன்."

கருவுக்கு மண்டை உருவாகிற வாரங்கள் அவை.

மூன்று மாதம் முடிந்த மறுநாள் பூ வைத்து, புதுப்புடவை கட்டி, கணவன் அருள்ராஜோடும் மாமியாரோடும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேனில் கை இருந்தது, கால் இருந்தது. மண்டை ஓடு இல்லை. குடல் தொப்புள் வழியே வெளியில் கிடந்தது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா உடனே நிறுத்தியிருப்பேனேம்மா" என்றார் முத்தமிழ். அவருக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"விஷத்தத் தின்ன வயித்துல வேற என்ன தங்கும்?" என்றாள் பவுனம்மாள். அருள்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனும் ஓர் ஆம்பிளை.

கலைப்பதற்குக் கையெழுத்துக் கேட்டார்கள். வினிதா பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டாள், "இதயம் துடிக்குதுங்களா?"

டாக்டர் இல்லையென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நல்லா துடிக்குதும்மா."

வினிதா கையெழுத்துப் போட்டாள்.