போன குரலுக்கு மருந்தீஸ்வரர் தந்த பதில்

ஈசனை நம்பும் உங்களிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வேன்?

அறுபதுகளின் கடைசியில் நான் சென்னையில் கம்பெனி வழக்குகளை நடத்திவந்த வக்கீல். அந்தத் துறையில் அப்போது பெண்கள் மிகக் குறைவு. நான் வாதாடினால் கோர்ட்டின் கடைசி வரிசைவரை கேட்கும் என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எழுபதுகளின் தொடக்கத்தில் கழுத்தில் தைராய்டு கட்டி வந்தது. குரல் நரம்பு பாதிக்கப்படலாம் என்று டாக்டர் முன்பே எச்சரித்துவிட்டுத்தான் ஆபரேஷன் செய்தார். கண்விழித்ததும் பக்கத்தில் இருந்த என் கணவரைக் கூப்பிட்டேன். வெறும் காற்றுதான் வந்தது.

"மெதுவா வரும் சாரதா. அவசரப்படாதே" என்றார் அவர்.

வரவில்லை. மாதங்கள் ஓடியும், பக்கத்தில் குனிந்தால் மட்டும் கேட்கும் கிசுகிசுப்புதான் மிஞ்சியது. என் வழக்குகள் ஒவ்வொன்றாக வேறு வக்கீல்களிடம் போயின. அடையாற்று வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுவேன். அழுகைக்கும் சத்தம் இல்லை.

விடியற்காலைகளில் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன். அப்போது அங்கே வீடுகள் குறைவு. மணல், தென்னை, எங்கிருந்தோ கடல் இரைச்சல். பனியில் கோபுரம் மிதப்பதுபோலத் தெரியும். நடக்கிறேனா, இன்னும் தூக்கத்தில்தான் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும். அகத்தியருக்கு மருந்து உபதேசித்த ஈசன் முன் நின்று, "குரலைக் கொடு" என்பேன். உதடு மட்டும் அசையும்.

ஒரு நாள் பாலபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. தீப ஒளியில் பால் வழிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரோ என் உச்சந்தலையில் கை வைத்ததுபோல் உடம்பெல்லாம் குளிர்ந்தது. அன்று வேண்டுதல் தானாகவே மாறி வந்தது. "இருப்பதை வைத்து என்னை நடத்து" என்றேன்.

அந்த வாரமே சபாபதி வீட்டுக்கு வந்தார். தி.நகரில் ஒரு வாரப் பத்திரிகை நடத்தியவர், என் பழைய கட்சிக்காரர். அவருக்கும் கூட்டாளியான தம்பி நடராஜனுக்கும் தீராத சண்டை. தம்பி பத்திரிகையை மூடிவிட்டுப் பிரியவேண்டும் என்று நின்றார்.

"நீங்க வந்து உக்காந்தா போதும் மேடம். ரெண்டு பேருக்கும் உங்க மேல மரியாதை இருக்கு."

போனேன். கீழே அச்சு இயந்திரம் ஓடியது. மாடியில் அண்ணனும் தம்பியும் கத்தினார்கள். நான் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. தோற்றுப்போன மாதிரி கண்ணை மூடி, ஈசனை நினைத்துக்கொண்டு மறுபடியும் பேசினேன்.

"டேய், இருடா. மேடம் ஏதோ சொல்றாங்க" என்றார் சபாபதி. இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். இருவரும் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கம் குனிந்தார்கள். அந்த அறையில் அப்படி ஓர் அமைதி இறங்கியது. கிசுகிசுப்பாக நடராஜனிடம் கேட்டேன்: "உண்மையில் உங்களுக்கு என்ன வருத்தம்?"

அவரும் என்னைப்போலவே தாழ்ந்த குரலில் சொன்னார். "அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேக்கறதே இல்ல மேடம். நம்ம பத்திரிகை அட்டைய நானே கடையிலதான் பாக்கறேன்."

"இதை ஏன்டா இத்தனை நாளா சொல்லல?"

"கத்திக்கிட்டேதானே இருந்தேன், அண்ணே."

சபாபதி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் கண் கலங்கியது. எனக்கும்தான்.

பத்திரிகை மூடப்படவில்லை. "நீங்களே வந்து நிர்வாகத்தைப் பாத்துக்குங்க" என்று இருவரும் சேர்ந்து கேட்டார்கள். சட்டம் மட்டுமே தெரிந்த நான் தயங்கித் தயங்கித்தான் சேர்ந்தேன். சில வருடங்களில் பெண்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று எனப் புதிய இதழ்கள் வந்தன. என்னை நிர்வாக இயக்குநர் ஆக்கினார்கள். குரல் பிறகு கொஞ்சம் திரும்பியது, கரகரப்பாக. கோர்ட்டுக்கு அது போதாது. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

உங்களில் யாருக்காவது எல்லா வழியும் அடைபட்டிருந்தால், ஒரு முறை அவர் முன்னால் போய் நில்லுங்கள். என்ன கேட்பதென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவருக்குத் தெரியும்.