பவளம் அக்காவின் மணி பிளான்டும் பொலித்தீன் பையும்

இந்த வாரம் எங்கள் பல்கனியில் ஒரு வைத்தியம் நடந்தது.

வைத்தியர் சீருடையில் வந்தார். கையில் இரும்புக் கம்பி.

முதலில் நோயாளியை அறிமுகப்படுத்துகிறேன். கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், இரண்டாம் மாடியில் இருக்கிறோம், நானும் மனைவியும். பல்கனியில் ஒரு கம்பிக் கூடை தொங்குகிறது. உள்ளே தும்புப் பாய், அதற்குள் மண், மண்ணில் மணி பிளான்ட். ஏழடி நீளத்துக்குக் கீழே தொங்கும் செடி.

செடி எங்களுடையது அல்ல. பக்கத்து வீட்டுப் பவளம் அக்காவுடையது.

தங்கச்சியின் மகளின் கல்யாணத்துக்கென்று யாழ்ப்பாணம் போனார். “ரெண்டு கிழமைதான் மாஸ்டர். இதுக்கு மட்டும் தண்ணி காட்டுங்கோ” என்றார்.

அதற்குள் சண்டை தொடங்கி யாழ்ப்பாணப் பாதையை மூடிவிட்டார்கள். கொழும்புக்கு வரக் கப்பலுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார். கல்யாணம் முடித்த பிள்ளைக்கு இப்போது குழந்தையும் பிறந்துவிட்டது.

ஒவ்வொரு ஞாயிறும் அங்கே கொமினிகேஷன் என்கிற போன் கடையொன்றில் வரிசையில் நின்று எங்களுக்குப் போன் எடுப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“செடி எப்பிடி இருக்கு மாஸ்டர்?”

இப்படிக் கேட்கிற மனிசியிடம் செடி செத்துப்போச்சு என்று எப்படிச் சொல்வது? அந்தப் பயத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தரம் தண்ணீர் ஊற்றினேன்.

எங்கள் பல்கனிக்கு நேர் கீழே ஒரு காவல் அரண் இருக்கிறது. மண் மூட்டைகள், ஒரு பிளாஸ்டிக் கதிரை, அதில் ஒரு சிப்பாய். நான் ஊற்றிய தண்ணீர் அவருடைய தொப்பியில் சொட்டியிருக்கிறது.

“மாத்தயா, வத்துர வெட்டெனவா” என்று அவர் அண்ணாந்து சிங்களத்தில் சொன்னார். தண்ணீர் விழுகிறதாம். சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஆனால் மனைவி என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினா. “இஞ்சேருங்கோ, ஆமிக்காரன்ட தலையில தண்ணி ஊத்தினவர் எண்டு உங்களைக் கொண்டுபோகப் போறாங்கள். அதை உள்ளுக்கு எடுங்கோ.”

உள்ளே வெளிச்சமில்லை, செடி வாடிவிடும். ஆகவே நான் மூளையைப் பாவித்தேன். செடியை வேரோடு தூக்கி, தும்புப் பாய்க்கு மேல் ஒரு தடித்த பொலித்தீன் பையை விரித்து, திரும்ப நட்டேன்.

ஒரு சொட்டும் விழவில்லை. சிப்பாய்க்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம்.

பை போட்ட மூன்றாம் கிழமை இலை மஞ்சளாயிற்று. தண்ணீர் போதாதாக்கும் என்று இன்னும் ஊற்றினேன். தண்டு கறுத்தது. இன்னும் ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் “செடி நல்லா இருக்கு அக்கா, நல்ல பச்சை” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

(நான் முப்பத்திரண்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன். வேர் சுவாசிக்கும், அதற்குக் காற்று வேண்டும், சாடியின் அடியில் துளை வேண்டும். இதை எழுதாத பிள்ளைக்கு நான் எப்போதும் இரண்டு புள்ளி குறைப்பேன்.)

இனி வைத்தியத்துக்கு வருவோம்.

செவ்வாய் விடிய ஐந்து மணிக்கு ஆமிக்காரர் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு நாலு பேர் வந்தார்கள். அடையாள அட்டை, நாங்கள் இங்கே இருப்பதாகப் பொலிஸில் பதிந்த துண்டு, அலுமாரி, அரிசி வாளி, எல்லாம் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பல்கனிக்குப் போனார்.

கூடையைத் தட்டிப் பார்த்தார். கை வைத்துத் தூக்கிப் பார்த்தார். பாரம். (ஒரு மாதத் தண்ணீர் அல்லவா.)

“மேக்க அத்துலே மொனவத?” இதற்குள் என்ன என்று கேட்டார்.

“வத்துர” என்றேன்.

அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். கையிலிருந்த இரும்புக் கம்பியை மேலிருந்து அடிவரைக்கும் இறக்கினார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்.

நாறிய கறுத்த தண்ணீர் மளமளவென்று அவருடைய சப்பாத்தில் கொட்டியது.

அவர் சப்பாத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தா. பொலித்தீனைக் கண்டா.

“இவ்வளவு காலமும் நீங்கள் பிள்ளையளுக்கு என்னத்தைப் படிப்பிச்சனீங்கள்?”

பையை வெட்டி எடுத்தேன். அழுகிய வேரை நறுக்கி, தும்பும் மணலும் கலந்த புது மண் போட்டேன். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர் என்று எனக்கே ஒரு சட்டம் போட்டேன்.

திரும்பவும் சொட்டத் தொடங்கியது. இந்த முறை கீழே போய், கையில் இருந்த சிங்களத்தில், காவல் அரணில் இருந்தவரிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் கதிரையை இரண்டடி தள்ளிப் போட்டார்.

இரண்டடி. அவ்வளவுதான் வேலை. முதல் நாளே கேட்டிருக்கலாம். (கேட்கிற காலமா இது?)

ஞாயிறு வந்தது. மிச்சமிருந்த ஒரு கொடியின் கணுவில் சின்னத் துளிர் ஒன்று தெரிந்தது. அந்தத் தைரியத்தில் பவளம் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

“அக்கா, குறை நினைக்காதேங்கோ. செடி சாகப் பாத்தது. பிழை என்னுடையதுதான். இவ்வளவு நாளும் உங்களுக்குப் பொய் சொன்னனான்.”

கம்பி வைத்தியத்தைச் சொல்லவில்லை. போனில் சொல்கிற கதையில்லை அது.

அக்கா சிரித்தார்.

“செடியோ? அது செத்தால் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில ஒரு கொடி வாங்கி ஊண்டலாம்தானே. நானே கிழமைக்கு ஒருக்காத்தான் தண்ணி விடுறனான், அதுவும் ஞாபகம் வந்தால்.”

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. “அப்ப ஏனக்கா கிழமைக்குக் கிழமை அதையே கேக்கிறியள்?”

“மாஸ்டர், எனக்குப் பின்னால ஏழு பேர் நிக்கினம். முன்னால கடைக்காரர் இருக்கிறார். உங்களை ஆரும் பிடிச்சுக்கொண்டு போட்டாங்களோ, ரெண்டு பேரும் வீட்டிலதான் இருக்கிறியளோ எண்டு நான் இதில நிண்டு கேக்கேலுமே? செடியைக் கேட்டால் ஒருத்தரும் திரும்பிப் பாக்காயினம்.”

நான் பல்கனிப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

“சரி, இப்ப எத்தினை இலை வந்திருக்கு? ஆறுதலாச் சொல்லுங்கோ.”

“ஆறு, அக்கா. எல்லாம் நல்ல பச்சை.”

(ஒன்றுதான். அதுவும் இன்னும் விரியவில்லை.)