சோத்தாங்கை மூணு, பீச்சாங்கை ரெண்டு

போன வருஷம் மழை விட்ட சமயம். புதுச்சேரியை ஒட்டி, வானூர் பக்கம் முந்திரித் தோப்புகளுக்குள் போகும் செம்மண் பாதையில் ஜூனியர் ராலி கார் பந்தயத்தின் கடைசிச் சுற்று நடந்தது. புள்ளிக் கணக்கில் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் எனக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தான். அன்றைக்கு நான் ஜெயித்தால் அந்த சீசன் பட்டமே எனக்குத்தான்.

நான் முத்தியால்பேட்டைப் பெண். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தட்டாஞ்சாவடியில் அண்ணன் வேலை பார்த்த கார் பட்டறைக்கே போய்விட்டேன். பழைய கார் ஒன்றைப் பந்தயத்துக்குத் தயார் செய்தது அவன்தான். நான் ஓட்டுவேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வான். ராலியில் அப்படித்தான். முந்தின நாளே பாதையில் மெதுவாகப் போய் வளைவுகளை எல்லாம் எழுதிக்கொள்ள வேண்டும். பந்தயத்தில் நேவிகேட்டர் அதைப் படிக்கப் படிக்க, கண்ணுக்குத் தெரியாத வளைவுக்கும் நாம் முன்கூட்டியே தயாராக வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு நம்பர். ஒன்று என்றால் ரொம்ப ஒடித்துத் திருப்பணும். ஆறு என்றால் லேசாகத் திருப்பினால் போதும்.

எனக்கு ஒரு கோளாறு உண்டு. லெஃப்ட், ரைட் என்றால் எந்தப் பக்கம் என்று ஒரு நொடி முழிப்பேன். இடது, வலது என்றாலும் அதே கதைதான். அதனால் அண்ணன் "சோத்தாங்கை மூணு, பீச்சாங்கை ரெண்டு" என்று படிப்பான். அதைக் கேட்டால் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். வீட்டில் அவன் அப்படிப் படித்துப் பழகும்போது அம்மா தலையில் அடித்துக்கொள்வார். கழுவுகிற கையைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறானே என்று திட்டுவார்.

முதல் சுற்றில் ஜெயித்தோம். சில வாரம் கழித்து அடுத்த சுற்று வருவதற்குள் அண்ணன் போய்விட்டான். காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

காரைப் படுதா போட்டு மூடிவிட்டேன். பட்டறை முதலாளிதான் விடாமல் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற, பேச்சில் நாசூக்கு பார்க்கிற வீட்டுப் பெண். நேவிகேட்டர் ஆகணும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை. லெஃப்ட், ரைட் என்று கணீரென்று படித்தாள். இரண்டாவது சுற்றில் அவள் லெஃப்ட் என்றதும் நான் ரைட்டில் ஒடித்து, கார் மல்லாட்டைக் கொல்லைக்குள் இறங்கி வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவில் போய் நின்றது. அண்ணன் மாதிரி சொல்லு என்று கேட்டிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. அது அவன் குரலில் மட்டும் இருக்கட்டும் என்று வைராக்கியம்.

கடைசிச் சுற்றுக்கு முந்தின நாள் பாதை பார்க்கப் போனபோது அவளே காரை ஓரம் கட்டச் சொன்னாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொன்னா ஒரு செகண்டு என் வாயையே பாக்குறீங்க. உங்க அண்ணன் எப்படித்தான் சொல்வாரு?"

அழுதுகொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. இந்த வார்த்தையை எங்க வீட்டில் சொன்னால் மம்மி வாயிலேயே போடும் என்று மட்டும் சொன்னாள். எழுதினதை எல்லாம் அடித்துவிட்டு முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.

மறுநாள் கொடி அசைந்தது. ஹெல்மெட்டுக்குள் அவள் குரல் கேட்டது. சோத்தாங்கை நாலு. அது வரைக்கும் சரி. அடுத்த வளைவுக்கு அந்த இன்னொரு கையை வெட்கப்பட்டு வாய்க்குள்ளேயே முனகினாள்.

"சத்தமா சொல்லு. எங்கண்ணன் தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துவான்."

கத்தினாள். அப்படி ஒரு கத்து. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, ஆனால் கை தப்பவே இல்லை. முன்னால் ஒரே செம்மண் புழுதி, மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவள் சொன்னாள், நான் திருப்பினேன். முந்திரிக் கிளை கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. பிரேக்கில் வைக்கிற காலைக் கூட அவளை நம்பி எடுத்துவிட்டேன்.

ஜெயித்துவிட்டோம். கோயம்புத்தூர்ப் பையனே ஓடி வந்து கை கொடுத்தான்.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் பரிசு கொடுத்தார்கள். எங்கள் காருக்குள் எடுத்த வீடியோவைப் பெரிய திரையில் போட்டுவிட்டார்கள். அவள் "பீச்சாங்கை ரெண்டு" என்று கத்துவதைக் கேட்டுக் கூட்டம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. பரிசளிப்பைப் பார்க்க வந்திருந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து கிட்டே போனேன். அண்ணன் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணுக்கும் இந்தக் கருமத்தப் பழக்கிட்டான் பாரு" என்றார்.

உயிரோடு இருக்கிறவனைத் திட்டுகிற மாதிரியே சொன்னார். என் அண்ணனுக்கு மட்டும் என்று நான் பொத்தி வைத்திருந்த வார்த்தையை இன்னொருத்தி வாய்விட்டுக் கத்தியதால்தான், அன்றைக்கு அந்தச் செம்மண் பாதை முழுக்க அவன் எங்களோடு வந்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.