மயிலாப்பூர் சபாவில் ஒரு வயிற்றெரிச்சல்காரன்

மார்கழியில் விருத்தாசலத்திலிருந்து சென்னைக்குக் கச்சேரி கேட்கப் போனேன் என்றதும் பெரிய ரசிகன் என்று நினைத்துவிடாதீர்கள். பொறாமைதான் காரணம். நானும் குமரவேலும் ஒரே வாத்தியாரிடம் மிருதங்கம் கற்றவர்கள். அவன் சென்னைக்குப் போய்விட்டான். நான் பீங்கான் பொம்மைப் பட்டறையில் அச்சில் மண்குழம்பு ஊற்றுகிறேன். திருவிழா வந்தால் கோயிலில் வாசிக்கிறேன். இந்த வருஷம் மயிலாப்பூரின் பெரிய சபாவில் அவனுக்கு மாலைக் கச்சேரி. அந்த மேடை ஏறிவிட்டால் அப்புறம் ஆளைப் பிடிக்க முடியாது.

"போறதுன்னா மனசாரப் போங்க. வயித்தெரிச்சலோட போயி ஒக்காராதீங்க" என்றாள் மனைவி. அவன் ஓரிடத்திலாவது தாளம் தப்ப வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

காலை ரயிலில் எழும்பூருக்கு நாலு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து ஆட்டோ இருநூறு ரூபாய். சபா பேரைச் சொன்னதும் ஓட்டுநர், கச்சேரிக்கா கேன்டீனுக்கா என்று கேட்டார். வாசலில் இறங்கியபோது டிக்கெட் வரிசையைவிட கேன்டீன் வரிசைதான் நீளம்.

அரங்கம் நான் நினைத்ததைவிடப் பழசு. நாற்காலி கிறீச்சிடுகிறது. ஆனால் ஒலி இருக்கிறதே! இடது கையால் குமரவேல் தோலை மெல்லத் தேய்த்து எழுப்பிய கும்கி நாதம், கடைசி வரிசையில் என் காதுக்கு வந்தது. எங்கள் ஊர் ஸ்பீக்கரில் நான் வாசிப்பது எனக்கே கேட்காது. பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டு நின்று மிருதங்கம் மட்டும் பேசும் நேரம். அவன் தொடங்கியதும் அரங்கில் பாதி எழுந்தது. போண்டா தீர்ந்துவிடும் என்று பக்கத்து மாமி சொல்லிவிட்டே போனார். இங்கே அதுதான் வழக்கமாம். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், கோபம் வந்தது. எங்கள் வாத்தியார் பாணியில் அவன் முத்தாய்ப்பாகக் கோர்வை கட்ட, என் கை தானாகத் தாளம் போட்டது. ஓரிடத்திலும் தப்பவில்லை, பாவி.

போகிறவர்களுக்கு: மதியக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. மாலைக்கு முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். போண்டாவை முதலிலேயே தின்றுவிட்டு உள்ளே போங்கள், புண்ணியமாகப் போகும்.

முடிந்ததும் குமரவேல் ஓடிவந்து கட்டிக்கொண்டான். பாதிப் பேர் எழுந்து போனார்களே, கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன்.

"கஷ்டமாத்தான் இருக்குது. நீ ஊர்ல வாசிக்கிறப்ப யாராச்சும் எழுந்து போறாங்களா? குடுத்து வச்சவன்டா நீ" என்றான்.

எழுந்து போக எங்கள் கோயிலில் யார் உட்கார்ந்து கேட்டார்கள்? எழும்பூர் வந்து ரயில் ஏறும்வரை அவன் கோர்வையைத் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தேன்.