பதினாலு அடியா, பதினெட்டு அடியா?

கடலே இல்லாத புனேயில் மோட்டார் போட் விற்கிறேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் விலை கேட்பார்கள், அப்புறம் பேச்சை மாற்றிவிடுவார்கள். கவுன்டருக்குப் பின்னால் நின்று வராத சிரிப்பை வரவழைத்துப் பழகிய சக பாவிகளே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

எங்கள் யார்டில் குடும்பங்களுக்கென்று இரண்டே போட்தான். ஒன்று பதினாலு அடி, இன்னொன்று பதினெட்டு அடி. வேலை செய்கிற பையன்கள் சின்னதுக்கு சோட்டி, பெரியதுக்கு மோட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். நாலு அடிதானே வித்தியாசம் என்கிறீர்களா? அந்த நாலு அடியில் எத்தனை குடும்பம் சண்டை போட்டிருக்கிறது என்று எனக்கல்லவா தெரியும்!

சார் இல்லீங்களா?

நான் அங்கே சேர்ந்தது டைப் அடிக்க. என் அப்பாவுக்கு கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை வேலை. நானும் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, வீட்டில் தமிழும் தெருவில் ஹிந்தியுமாக ஒப்பேற்றியவள். போட் விற்றுக்கொண்டிருந்த ஆள் திடீரென்று துபாய்க்குப் போய்விட, எங்கள் சாஹேப் "ஜோதி, இனிமேல் நீயே பார்த்துக்கோ" என்று சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து கேட்டைத் தாண்டி வருகிற ஒவ்வொருவரும் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, உள்ளே ஆண்பிள்ளை யாராவது இருக்கிறாரா என்று தேடுவார்கள்.

அப்படித் தேடியவர்தான் பொன்னுசாமி. ஈரோட்டுக்காரர், போசரியில் முப்பது வருஷமாக லேத் பட்டறை வைத்திருப்பவர். "சார் இல்லீங்களா?" என்றார். "நான்தான் சார்" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய மகள் கோகிலாவுக்குக் குழந்தையில் போலியோ வந்து இரண்டு காலும் விழுந்துவிட்டது. இரும்பு மாட்டி, கட்டை ஊன்றித்தான் நடை. காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். பான்ஷேத் அணைப் பக்கம் குடும்பத்தோடு போனால் எல்லோரும் தண்ணீர் வரைக்கும் இறங்கிப் போவார்கள், அவள் மட்டும் காரிலேயே இருந்துவிடுவாளாம். "கண்ணாடி வழியா எத்தனை நாளைக்குங் அது தண்ணியப் பாக்கும்? அதை நடுத்தண்ணிக்குக் கூட்டிட்டுப் போகோணும்" என்றார். எழுந்து போகும்போது, "பொம்பளைப் புள்ளை போட் விக்குதேன்னு நெனைச்சனுங் அம்மிணி. தப்பு. தண்ணிக்கு ஆம்பளை என்ன, பொம்பளை என்ன?" என்றார்.

கல்யாணத்தை விடப் பெரிய முடிவு

பொன்னுசாமி வந்த அதே கோடையில் ஹிஞ்சேவாடியிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் தம்பியும் வந்துகொண்டிருந்தார். கோயமுத்தூர்க்காரர், புதுசாகக் கல்யாணம் ஆனவர். வருகிற ஒவ்வொரு சனிக்கிழமையும் லேப்டாப்பில் இரண்டு போட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எடை, நீளம், பெட்ரோல் என்று புதுசு புதுசாகக் கட்டம் சேர்த்துக்கொண்டு வருவார். போன வாரம் சோட்டி ஜெயித்தால் இந்த வாரம் மோட்டி ஜெயிக்கும். டேப்பை வைத்து அளந்து அளந்து, போட்டுக்கே கூச்சமாகியிருக்கும்.

அவருடைய மனைவி பாவம், நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என்னோடு டீ குடித்துக்கொண்டிருப்பாள். கடைசியில் அவர்கள் அபார்ட்மென்ட் சொசைட்டி செக்ரெட்டரி பார்க்கிங்கில் எந்தப் போட்டையும் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தம்பி முகம் தொங்கிப் போயிற்று. அந்தப் பெண் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ அரை மணி நேரத்துல சரின்னுட்டாருக்கா."

கட்டுச்சோறு

எங்கள் யார்டில் நானே கொண்டு வந்த ஒரு வழக்கம் உண்டு. போட் பார்க்க வருகிற குடும்பத்தைச் சாப்பாடு கட்டிக்கொண்டு வரச் சொல்வேன். டிராலி மேல் நிற்கிற போட்டில் எல்லோரையும் ஏற்றி, அங்கேயே சாப்பிடச் சொல்வேன். யார் முழங்கை யார் விலாவில் இடிக்கிறது, ரசம் எங்கே கொட்டுகிறது என்பதெல்லாம் சாப்பிட உட்கார்ந்தால்தான் தெரியும். யார்டை ஒட்டிய மும்பை ரோட்டில் போகிற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துச் சிரித்துக்கொண்டே போவார்கள். போகட்டுமே, எனக்கென்ன!

பொன்னுசாமி வீட்டம்மா சரஸ்வதி அன்றைக்கு அடுக்கு கேரியர், தண்ணீர் கேன், ஜமக்காளம், தலையணை வரைக்கும் கொண்டு வந்துவிட்டார். கோகிலாவை இரண்டு பையன்கள் கைத்தாங்கலாகத் தூக்கி மோட்டிக்குள் வைத்தார்கள். அம்மா உடனே பின் சீட்டில் தலையணையைப் போட்டு, "சாஞ்சுக்க பாப்பா" என்றார். அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சின்னப் பையன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். புளிசாதம் அருமை. "எங்கக்கா குடும்பமே வந்தாலும் தாராளமா உக்காரலாமுங்" என்று சரஸ்வதியம்மா மோட்டியை முடிவே பண்ணிவிட்டார்.

தூக்கி வைத்ததிலிருந்தே கோகிலா முகம் மட்டும் சரியில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்பா கையிலிருந்த ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தவள், "கிளட்ச் எங்க இருக்கு?" என்றாள். கிடையாது என்றேன். "பிரேக்?" அதுவும் கிடையாது, எல்லாமே கையால்தான், இதோ இந்த நெம்புகோலை முன்னால் தள்ளினால் போகும், இழுத்தால் நிற்கும் என்று காட்டினேன். "அப்போ காலுக்கு என்ன வேலை?" ஒரு வேலையும் இல்லை, சும்மா இருக்க வேண்டியதுதான் என்றேன். முதல் தடவையாகச் சிரித்தாள். "அரே, அதுல என் காலு எக்ஸ்பர்ட்டாச்சே!"

நல்ல சகுனம்

லோஹேகாவில் விமானப்படையிலிருந்து ரிட்டயரான ஒரு தஞ்சாவூர்க்காரர் மோட்டி வாங்கினார். புது வண்டிக்குச் செய்கிறதெல்லாம் போட்டுக்கும் செய்தாக வேண்டும் என்று பிடிவாதம். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. எலுமிச்சம்பழத்தை டிராலி சக்கரத்துக்கு அடியில் வைத்துச் சமாளித்தோம். கற்பூரத்தை நான் தள்ளியே வைக்கச் சொல்லிவிட்டேன், பெட்ரோல் இருக்கிறதே.

தேங்காயைத் தரையில் உடைப்பார் என்றுதான் நினைத்தேன். மனுஷர் ஓங்கிப் போட்டின் மூக்கிலேயே ஒரு போடு போட்டார். ஃபைபர் தாங்குமா? பளிச்சென்று ஒரு விரிசல். தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அந்த விரிசலைப் பார்த்தார். "நல்ல வேளை, பூசணிக்காய் கிடைக்கலை" என்றார்.

பான்ஷேத்

சோட்டியையும் பாருங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன், பொன்னுசாமி மோட்டியிலேயே நின்றார். பக்கச் சுவர் உயரம், மகள் தவறி விழமாட்டாள், அவ்வளவுதான் அவர் கணக்கு. பெற்றவர் பயத்தை நான் எப்படிக் குறை சொல்வேன்? எதற்கும் இரண்டையும் தண்ணீரில் பார்த்துவிடுங்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பான்ஷேத்தில் இறக்கினோம்.

மிதவை மேடைக்கு மேல் மோட்டியின் விளிம்பு இடுப்பளவுக்கு நின்றது. பையன்கள் அன்றைக்கு மாதிரியே தூக்க வந்தார்கள். கோகிலா கட்டையைக் குறுக்கே நீட்டிவிட்டாள். "அப்பா, ஒவ்வொரு வாட்டியும் ரெண்டு ஆளைக் கூப்பிட்டுத்தான் நான் போட்ல போகணுமா?" சோட்டி மேடையோடு மேடையாகத் தாழ்ந்து நின்றது. கோகிலா மேடை விளிம்பில் உட்கார்ந்தாள். கையால் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். அப்புறம் இன்னொன்றை. போட் ஆடியது. "முருகா!" என்று சரஸ்வதியம்மா கத்தினார். பொன்னுசாமி பாய்ந்து வந்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, நடுவில் போய் நின்றுகொண்டேன். லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறாள், எங்கள் மெக்கானிக் உள்ளே இருக்கிறார், விடுங்கள் சார் என்றேன். அதற்குள் அவள் கையை ஊன்றி, ஒரு நகர்வு நகர்ந்து, சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் தொடவில்லை.

மெக்கானிக் பக்கத்தில் இருக்க, முதலில் மெதுவாகத்தான் போனாள். அப்புறம் நெம்புகோலைத் தள்ளினாள் பாருங்கள், தண்ணீர் இரண்டு பக்கமும் எழும்பியது. வாய்விட்டுச் சிரிப்பது கரை வரைக்கும் கேட்டது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம். ஒரு வட்டம் அடித்து மேடையை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தி, "அப்பா, ஏறுங்க" என்றாள். அவர் ஏறியதும், அந்தப் பக்கம் பாத்துப் போ, மெதுவாப் போ என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனார்.

திரும்பி வந்து இறங்கியவர் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. சோட்டியையே எழுதிக்கொள்ளச் சொன்னார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "பொறந்ததுலருந்து நாந்தானுங் அம்மிணி அதைத் தூக்கிட்டுத் திரிஞ்சேன். இன்னைக்கு அது என்னையக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துச்சு" என்றார்.

இத்தனை வருஷம் விற்றதில் நான் கண்டது இவ்வளவுதான்: எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டு வாங்கியவர்களுடைய போட்டில் இன்றைக்குப் பூனை குட்டி போட்டிருக்கிறது, யார் ஓட்டப்போகிறார்கள் என்று கேட்டு வாங்கியவர்கள்தான் சர்வீஸுக்கு வந்து என் உயிரை வாங்குகிறார்கள்.